கொசு இருக்கும், மலேரியா இருக்காது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உலக நாடுகளின் மலேரியா ஒழிப்பு முயற்சி பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ஆய்வகத்திலும் களத்தடுப்புப் பணியிலும் பழகியவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: இலங்கை, சீனா, எகிப்து எல்லாம் ‘மலேரியா இல்லாத நாடு’ என்று சான்றிதழ் வாங்கிவிட்டன. அங்கே கொசுவே இல்லையா?

பதில்: கொசு தாராளமாக இருக்கிறது. இல்லாமல் போனது மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி. எந்தக் கொசுவும் மலேரியாவோடு பிறப்பதில்லை. ஒட்டுண்ணி ஓடும் ரத்தத்தைக் குடித்தால்தான் பெண் அனாஃபிலிஸ் கொசுவுக்கு அது வந்துசேர்கிறது. குடித்த கையோடு அடுத்தவருக்குப் பரப்பவும் அதனால் முடியாது. ஒட்டுண்ணி கொசுவின் குடல் சுவரில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட, வெப்பநிலையைப் பொறுத்து ஏறத்தாழ 10 முதல் 14 நாள் பிடிக்கும். பெரும்பாலான கொசுக்கள் அதற்குள் செத்துவிடுகின்றன. மனித ரத்தத்தில் ஒட்டுண்ணியே இல்லையென்றால் கொசு கடிக்கும், அரிக்கும், அவ்வளவுதான்.

சான்றிதழ் தருவது உலக சுகாதார நிறுவனம். நாட்டின் எந்த மூலையிலும் குறைந்தது 3 ஆண்டுகள் தொடர்ந்து உள்ளூர்ப் பரவல் ஒன்றுகூட இல்லை என்பதைக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் கொசுக்கடி வாங்கித் திரும்பியவரின் காய்ச்சல் இந்தக் கணக்கில் சேராது. நோய் மறுபடி நுழைந்தால் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறதா என்றும் வெளியாட்கள் நேரில் வந்து பார்க்கிறார்கள். மாலத்தீவு 2015, இலங்கை 2016, பராகுவே 2018, அல்ஜீரியா 2019, சீனா 2021, கேப் வெர்டே, எகிப்து இரண்டும் 2024, ஜார்ஜியா, சூரினாம், திமோர்-லெஸ்தே 2025 என்று பட்டியல் நீள்கிறது. 2025 நடுவில் 47 நாடுகளும் ஒரு பிரதேசமும் இதில் இருந்தன.

பெரியம்மையைப் போல உலகத்திலிருந்தே துடைத்தெறிவது வேறு. ஒரு நாட்டின் எல்லைக்குள் பரவலை நிறுத்துவது வேறு. மேலே சொன்ன நாடுகள் செய்திருப்பது இரண்டாவதை.

கேள்வி: ஆயிரக்கணக்கில் நோயாளிகள் இருக்கும்போது குறைப்பது புரிகிறது. பத்து இருபது பேர்தான் மிச்சம் என்ற நிலையில் என்ன செய்கிறார்கள்?

பதில்: உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஆயிரம் பேர் இருக்கும்போது கணக்கு மாவட்ட அளவில் போகும். பத்துப் பேர் ஆகிவிட்டால் ஒவ்வொருவரையும் ஒரு தீ விபத்தைப் போல நடத்த வேண்டும். இதைச் சீனா 1-3-7 என்ற நாள்கணக்காகவே வகுத்துக்கொண்டது.

ரத்தத்தில் ஒட்டுண்ணி தெரிந்த 1 நாளுக்குள் தகவல் மேலிடத்துக்குப் போயாக வேண்டும். 3 நாளுக்குள் ஆய்வகம் அது எந்த இனம் என்று உறுதி செய்ய, களப்பணியாளர் நோயாளியிடம் உட்கார்ந்து விசாரிக்கிறார்: கடந்த சில வாரங்களில் எந்த ஊர்களில் இரவு தங்கினீர்கள், காட்டு வேலைக்குப் போனீர்களா, ரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா, முன்பு மலேரியா வந்ததா, அப்போது மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டீர்களா. இந்தப் பதில்களை வைத்துத்தான் அது உள்ளூரில் தொற்றியதா, வெளியிலிருந்து வந்ததா, பழைய வைவாக்ஸ் (ஈரலில் ஒளிந்திருந்து திரும்பும் மலேரியா ஒட்டுண்ணி இனம்) திரும்பியதா என்று பிரிப்பார்கள். 7 நாளுக்குள் அந்த இடத்தில் வேலை முடிய வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் சுவர்களுக்கு மருந்தடிப்பு. நீர்நிலைகளில் கொசுப்புழுத் தேடல்.

ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிர எடுக்கும் அந்தப் பத்துப் பதினான்கு நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தால், நோயாளியைக் கடித்த கொசுவை அது ஆபத்தானதாக மாறும் முன்பே சுவரில் மடக்கிவிடலாம். ஆனால் நோயாளி காய்ச்சலோடு பத்து நாள் வீட்டில் கிடந்துவிட்டு வந்தால் இந்தக் கணக்கு முழுவதும் பயனற்றுப்போகும். அதனால்தான் காய்ச்சல் வந்த அன்றே பரிசோதனை என்பதில் இத்தனை பிடிவாதம்.

மருந்தடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தம் குடித்த கொசு கனத்துப்போய்ப் பக்கத்துச் சுவரில் உட்காரும். அந்தச் சுவர்தான் பொறி. தெளிப்பவர் குழல்முனையைச் சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளிப் பிடித்து, 75 செ.மீ. அகலப் பட்டைகளாக, பட்டைக்குப் பட்டை 5 செ.மீ. மேலேறும்படி, ஒரே வேகத்தில் மேலும் கீழும் போக வேண்டும். முனை கிட்டே போனால் மருந்து வழியும். தள்ளிப்போனால் காற்றில் போகும். எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகு வீட்டுக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாலோ சாணம் மெழுகினாலோ மருந்து அடியில் புதைந்துவிடும்.

கேள்வி: பரிசோதனையில் ‘மலேரியா இல்லை’ என்று வந்தது, காய்ச்சல் விடவில்லை. பரிசோதனை தவறுமா?

பதில்: தவறும். எப்படித் தவறும் என்று தெரிந்திருப்பது நல்லது.

துரிதப் பரிசோதனை அட்டையில் ரத்தம் 5 மைக்ரோலிட்டர்தான் தேவை, அதாவது ஒரு சிறு துளியிலும் ஒரு பகுதி. உறையைப் பிரித்ததும் காலாவதித் தேதியையும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் பார்க்க வேண்டும். விரலைத் துடைத்த ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்த வேண்டும். ரத்தம் ஒரு குழியிலும், அட்டையோடு வந்த கரைசல் சொன்ன எண்ணிக்கைச் சொட்டுகளாக இன்னொரு குழியிலும் போகும். பிறகு அந்த அட்டைக்குரிய 15 அல்லது 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். ரத்தம் அதிகமானால் பின்புலம் சிவந்து கோடு தெரியாது. அவசரப்பட்டு 5 நிமிடத்தில் பார்த்தால் மெல்லிய கோடு தவறிப்போகும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இல்லாத கோடு தெரியும். அட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராத அட்டை செல்லாது, அது ‘இல்லை’ என்ற விடை அல்ல. வெயிலில் வைத்திருந்த அட்டைகளை நம்ப முடியாது.

கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறைதான் இன்னும் அடித்தளம். தடித்த பூச்சு, மெல்லிய பூச்சு என இரண்டு எடுப்பார்கள். மெல்லியதை மெத்தனாலில் முக்கி நிலைப்படுத்த வேண்டும். தடித்ததில் மெத்தனால் படவே கூடாது. சிவப்பணுக்கள் உடைந்து நிறம் வெளியேறினால்தான் அடுக்கடுக்கான ரத்தத்தின் ஊடே ஒட்டுண்ணி தெரியும். மெத்தனால் பட்டாலோ சூட்டில் உலர்த்தினாலோ அணுக்கள் உடையாமல் பூச்சு கலங்கிக் கிடக்கும். பிறகு 3 விழுக்காடு ஜீம்சா சாயம், 7.2 காரகாடி (pH) அளவுள்ள நீரில், 30 முதல் 45 நிமிடம். ‘இல்லை’ என்று எழுதும் முன் எண்ணெய் லென்ஸில் குறைந்தது 100 காட்சிப்புலமாவது பார்க்க வேண்டும். எண்ணிக்கையும் எளிது: 200 வெள்ளணுக்களை எண்ணும்போது 40 ஒட்டுண்ணி தெரிந்தால், 40-ஐ 8000-ஆல் (ஒரு மைக்ரோலிட்டரில் இருப்பதாகக் கொள்ளும் வெள்ளணுக்கள்) பெருக்கி 200-ஆல் வகுக்க, ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,600.

காய்ச்சலின் தொடக்கத்தில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருக்கலாம். ஒரு முறை ‘இல்லை’ என்று வந்தாலும், சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி, மொத்தம் மூன்று முறை பார்ப்பதே முறை.

உலக அளவில் இன்னொரு சிக்கல் முளைத்திருக்கிறது. மிக ஆபத்தான ஒட்டுண்ணி இனமான ஃபால்சிபாரத்தைக் கண்டுபிடிக்கும் பெரும்பாலான அட்டைகள் ஹெச்ஆர்பி2 என்ற புரதத்தைத் தேடுகின்றன. அந்தப் புரதத்துக்கான மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகள் முதலில் பெருவிலும் பிறகு எரித்திரியா, எத்தியோப்பியாவிலும் தெரிய வந்தன. உடம்பு முழுக்க ஒட்டுண்ணி இருந்தும் அட்டை வெறுமையாக இருக்கும். இதனால் நோயாளிகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் தவறவிடும் நிலை வந்தால், பிஎல்டிஹெச் என்ற வேறு புரதத்தைத் தேடும் அட்டைக்கு அந்நாடு மாற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

கேள்வி: மலேரியா குணமாகி இரண்டு மாதம் கழித்து, கொசுக்கடியே இல்லாமல் மறுபடி குளிர்காய்ச்சல் வந்தது. மருந்து சரியில்லையா?

பதில்: வந்தது வைவாக்ஸாக இருந்தால், ரத்தத்துக்கான மருந்து அதன் வேலையைச் சரியாகவே செய்திருக்கலாம். வைவாக்ஸ் ஒட்டுண்ணியின் ஒரு பகுதி ஈரல் அணுக்களில் உறங்கிக் கிடக்கும். ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. குளோரோகுயினோ ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தோ அதைத் தொடாது. வெப்பமண்டல வகை சில வாரங்களிலும், குளிர்ப்பிரதேச வகை எட்டு மாதமோ அதற்கு மேலோ கழித்தும் விழித்தெழும். முறைக்காய்ச்சல் என்று முன்னோர் வைத்த பெயர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் குளிரைக் குறித்தது. ஆண்டு கடந்தும் முறை வைத்துத் திரும்புவது வைவாக்ஸின் தனிக்குணம்.

உறங்குவதைக் கொல்ல பிரைமாகுயின் வேண்டும். வழக்கமான அளவு எடைக்கு ஏற்ப, ஒரு கிலோவுக்கு 0.25 மி.கி. வீதம் தினமும், 14 நாள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 15 மி.கி. சிக்கல் எங்கே வருகிறதென்றால், காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடுகிறது. மாத்திரை இன்னும் பத்துப் பதினொரு நாள் பாக்கி. நலமாக இருக்கிறேன், வயிற்றைப் புரட்டுகிறது, எதற்கு என்று மாத்திரை அட்டையை மூலையில் வைத்துவிடுகிறார்கள். ஒழிப்பின் இறுதிக் கட்டத்தில் பல நாடுகளைத் தடுக்கி விழவைக்கும் இடம் இதுதான். போதாததற்கு, வைவாக்ஸின் கொசுவுக்குத் தாவும் வடிவம் காய்ச்சலோடேயே ரத்தத்தில் தோன்றிவிடும். ஃபால்சிபாரத்தில் அது ஒரு வாரமாவது பிந்தும். ஆகவே வைவாக்ஸ் நோயாளி மருத்துவரிடம் வரும் முன்பே கொசுவுக்குக் கொடுத்திருக்கலாம்.

தயவுசெய்து பிரைமாகுயினை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் காப்பிநிறமாகப் போனால், கண் மஞ்சளித்தால், மூச்சு வாங்கினால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கும் அது கிடையாது. 7 நாளில் முடியும் கூடுதல் அளவு முறையும், டாஃபினோகுயின் என்ற ஒரே வேளை மருந்தும் வந்திருக்கின்றன. ஆனால் டாஃபினோகுயின் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. அதனால் நொதியின் அளவு 70 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதைக் கருவியில் அளந்த பிறகே தர வேண்டும். நல்ல மருந்து இருக்கிறது; நொதியை அளக்கும் அந்தக் கருவி கிராமத்து மருந்தகம் வரை போய்ச்சேரவில்லை.

கேள்வி: இவ்வளவு நாடுகள் வென்றிருக்கும்போது, உலக எண்ணிக்கை ஏன் குறையவில்லை?

பதில்: வென்ற நாடுகளில் பல, ஏற்கெனவே குறைந்த எண்ணிக்கையில் இருந்தவை. பாரம் வேறிடத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த உலக மலேரியா அறிக்கையின்படி 2023-ல் 26.3 கோடி பேருக்கு நோய், 5.97 லட்சம் சாவு. அதில் 95 விழுக்காடு ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நைஜீரியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, நைஜர், தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் மட்டும் உலகச் சாவுகளில் பாதிக்கு மேல்.

2000-ஆம் ஆண்டில் சாவு 8 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2015 வரை வேகமாக இறங்கியது. அதன்பின் இறக்கம் ஏறத்தாழ நின்றுபோனது. 2030-க்குள் 90 விழுக்காடு குறைப்பு என்று 2015-ல் வகுத்த இலக்குக்கும் நடப்புக்கும் இடைவெளி மிகப் பெரியது. காரணங்களில் முதலாவது பணம். 2023-ல் தேவைப்பட்டது 830 கோடி டாலர், கிடைத்தது 400 கோடி. 2025 தொடக்கத்தில் அமெரிக்க வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டபோது கொசுவலை, மருந்து, பரிசோதனை அட்டை எல்லாவற்றின் வரத்திலும் தடங்கல் வந்தது. மலேரியா வேலையில் ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த மாதம் ஈடுகட்ட முடியாது. மழைக்கு முன் தொங்காத வலை அந்த ஆண்டுக்கு இல்லாத வலைதான். போர், இடப்பெயர்வு, வெள்ளம் ஆகியவை இதற்கு மேல்.

கேள்வி: மருந்துக்கு அடங்காத மலேரியா பரவுகிறதாமே?

பதில்: ஆர்ட்டிமிசினின், சீன விஞ்ஞானி து யூயூவின் குழு 1972-ல் ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்தது, 2015-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. இது ஒட்டுண்ணியை மளமளவென்று கொன்றுவிட்டுச் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். மிச்சத்தை நீண்டநேரம் தங்கும் துணை மருந்து முடிக்கும். அதனால்தான் எப்போதும் கூட்டாகவே தர வேண்டும். தனி ஆர்ட்டிமிசினின் மாத்திரையை நிறுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2006-ல் கேட்டுக்கொண்டது.

மேற்குக் கம்போடியாவில் 2008 வாக்கில் ஒட்டுண்ணி மெதுவாகச் சாவது தெரிந்தது. மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் ரத்தத்தில் இன்னும் ஒட்டுண்ணி இருந்தால் அது அறிகுறி. கெல்ச்13 என்ற மரபணுவின் மாற்றமே இதற்கு அடையாளம். இப்போது ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்திரியாவிலும் இத்தகைய மாற்றங்கள் தாமாகவே தோன்றியிருக்கின்றன. துணை மருந்து வேலை செய்யும்வரை நோயாளி குணமாவார். துணையும் தோற்றால்தான் பேராபத்து. தென்கிழக்கு ஆசியாவின் மேகாங் ஆற்றுப் பகுதியில், பைப்பராகுயினைத் துணையாகக் கொண்ட கூட்டு அப்படித் தோற்றது. குளோரோகுயின் எதிர்ப்பு தாய்லாந்து–கம்போடியா எல்லையில் 1950-களின் இறுதியில் தோன்றி, 1970-களின் இறுதியில் ஆப்பிரிக்காவை எட்டியபோது குழந்தைச் சாவுகள் பெருகின. அந்த வரலாறு தெரிந்தவர்கள் இப்போது தூங்குவதில்லை.

கேள்வி: கொசுவலை வாங்கினோம், படுத்தால் முகமெல்லாம் எரிகிறது. மருந்திட்ட வலையை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: பிரித்ததும் 24 மணி நேரம் நிழலில் காற்றாட விடுங்கள், எரிச்சல் போய்விடும். ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கையோ காலோ வலையில் ஒட்டிக்கிடந்தால் துளை வழியாகவே கடிக்கும். சாதாரண சோப்பில் மென்மையாகத் துவையுங்கள், பிளீச்சிங் பவுடர் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள், வெயில் மருந்தைச் சிதைக்கும். குளத்திலோ ஆற்றிலோ அலசாதீர்கள், அந்த மருந்து மீனுக்கு நஞ்சு. 20 சலவையும் 3 ஆண்டும் என்று கணக்கிட்டாலும், பல வலைகள் அதற்கு முன்பே கிழிந்துபோகின்றன. இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது கணக்கு.

வலைகளில் வழக்கமாக இடும் பைரித்ராய்டு மருந்துக்குப் பழகிவிட்ட கொசுக்கள் பெருகியதால், குளோர்ஃபெனாபிர் என்ற வேறு பூச்சிமருந்தும் சேர்த்த வலையை 2023-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பெனின், தான்சானியா ஆய்வுகளில் பழைய வலையோடு ஒப்பிட, குழந்தைகளிடையே நோய் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. விலை கூடுதல் என்பதற்காக இதை மறுப்பது தவறான சிக்கனம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: தடுப்பூசி வந்துவிட்டதே, இனி ஒழிந்துவிடும்தானே?

பதில்: ஆர்டிஎஸ்,எஸ் என்ற தடுப்பூசி 2021-லும் ஆர்21 என்ற தடுப்பூசி 2023-லும் உலக சுகாதார நிறுவனத்தால் பரிந்துரைக்கப்பட்டன. ஐந்து மாதத்திலிருந்து தொடங்கி நான்கு தவணை. கானா, கென்யா, மலாவியில் நடந்த முன்னோட்டத்தில் தடுப்பூசிக்குரிய வயதுக் குழந்தைகளின் மொத்தச் சாவு 13 விழுக்காடு குறைந்தது. இது பெரிய வெற்றி. ஆனால் இவை ஃபால்சிபாரத்துக்கு மட்டும்; வைவாக்ஸைத் தடுக்காது. பாதுகாப்பும் மாதங்கள் செல்லச் செல்லத் தேயும். நான்காம் தவணைக்குள் குழந்தை ஒன்றரை இரண்டு வயதாகிவிடும். மற்றத் தடுப்பூசி நாள்களோடு ஒட்டாததால் தாய்மார் தவறவிடுவது இங்கேதான். உயிர்காக்கும் கருவி இது; பரவலை நிறுத்தும் கருவி அல்ல.

கேள்வி: மலேரியா கிராமத்து நோய் என்பார்கள். நகரத்துக்கு ஆபத்தில்லையா?

பதில்: ஆப்பிரிக்காவில் அந்த நம்பிக்கை உடைந்துகொண்டிருக்கிறது. தெற்காசியாவில் பழகிய அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சை என்ற கொசு, மேல்நிலைத் தொட்டி, கிணறு, சிமென்ட் தொட்டி போன்ற சுத்தமான தேங்குநீரில் முட்டையிடும். 2012-ல் அது கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் தெரியவந்தது. அந்த ஆண்டு அங்கே மலேரியா 27 பேருக்கு. 2020-ல் 73,000-க்கும் மேல். இலங்கையின் மன்னாரிலும் 2016 இறுதியில் அது அகப்பட்டது, சான்றிதழ் வாங்கிய சில மாதங்களில்.

தொட்டியில் எட்டிப்பார்த்தே அடையாளம் காணலாம். டெங்கு கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். அனாஃபிலிஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது, எனவே நீர்ப்பரப்பை ஒட்டிப் படுக்கையாக மிதக்கும். முட்டை கொசுவாக வெயில் காலத்தில் ஏழெட்டு நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, இடுக்கில்லாத மூடி போட வேண்டும். மூடிக்கும் தொட்டிக்கும் நடுவே விரல் நுழைந்தால் கொசு நுழையும்.

கேள்வி: சான்றிதழ் வாங்கிய நாட்டில் மலேரியா திரும்பி வருமா?

பதில்: வரும். சான்றிதழுக்கு வெகுமுன்பே, இலங்கையில் 1963-ல் மொத்தம் 17 பேருக்குத்தான் மலேரியா இருந்தது. அதிலும் 11 பேருக்கு வெளியிலிருந்து வந்தது. மருந்தடிப்பு நின்றது, தேடல் தளர்ந்தது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, இரத்தினக்கல் தோண்டும் குழிகளுக்கு வந்துபோன தொழிலாளர்கள் ஒட்டுண்ணியைச் சுமந்து சென்றார்கள். 1969-ல் நோயாளிகள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். மறுபடி 2012 அக்டோபரில் கடைசி உள்ளூர் நோயாளியைக் காண நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

மலேசியாவின் சிக்கல் வேறு. 2018 முதல் மனித வகை மலேரியா அங்கே உள்ளூரில் பரவவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி என்ற மலேரியா இனம் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்களைத் தாக்குகிறது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் இது சீக்கிரமே கடுமையாகும். காட்டுக் குரங்குக்கு மாத்திரை தர முடியாது.

கேள்வி: மலேரியா உள்ள நாட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: போகும் முன் மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள். சில மருந்துகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம் வரை தொடர வேண்டும். ஊர் வந்ததும் நிறுத்துவதே பொதுவான தவறு. போன ஏழாம் நாள் முதல் எந்தக் காய்ச்சலையும் மலேரியாவாகவே நினையுங்கள். ஃபால்சிபாரம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும். வைவாக்ஸ் ஓராண்டு கழித்தும் வரலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் நாட்டின் பெயரையும் திரும்பிய தேதியையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மலேரியாவே பார்த்திராத இளம் மருத்துவருக்கு அந்த ஒரு வரிதான் ரத்தச் சில்லைக் கேட்க வைக்கும். ஃபால்சிபாரம் கடுமையாக ஒரு நாள் போதும். மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல், விடாத வாந்தி இருந்தால் மாத்திரைக்கு நேரமில்லை. நரம்பில் ஆர்ட்டிசுனேட் ஊசி, முதல் நாளில் 0, 12, 24-ஆம் மணி நேரங்களில் போடும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விட வேண்டும்.